வகுப்பறைக்கு ஏர் ட்ரை க்ளே: வடைக்குச் சரி, தோசைக்குச் சந்தேகம்

தொடக்கப்பள்ளியில் உணவுச் சிற்பம் செய்ய வைக்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் வாங்குவது, 500 கிராம் பாக்கெட்டில் வரும் வெள்ளை ஏர் ட்ரை க்ளே. சூளை வேண்டாம், அடுப்பு வேண்டாம், தானாகக் காயும். 3-ஆம் வகுப்பும் அதற்கு மேலும் என்றால் தயங்காமல் வாங்கலாம். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு உப்பு மாவே போதும்: இரண்டு டம்ளர் மைதா, ஒரு டம்ளர் தூள் உப்பு, முக்கால் டம்ளர் தண்ணீர். செலவு குறைவு. ஆனால் மழைக்காலத்தில் உப்பு ஈரத்தை இழுத்து, செய்ததெல்லாம் நமுத்துப்போகும். எலித் தொல்லை வேறு.

க்ளேயில் ஒரு பிள்ளைக்கு 100 கிராம் கொடுத்தால் தாராளம். 30 பேருக்கு ஆறு பாக்கெட். விரிசல் அடைக்க இன்னொன்று கூட வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தத்தையும் முதலிலேயே பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள். மின்விசிறிக்கு அடியில் கால் மணி நேரத்திலேயே மேல்தோல் இறுகத் தொடங்கும். ஈரத்துணி சுற்றி வைத்து, பாதிப் பாதியாகக் கொடுப்பதுதான் நல்லது.

இந்த க்ளேயின் குணம் தெரிய வேண்டுமானால் போண்டா செய்யச் சொல்ல வேண்டும். முழு உருண்டையாக உருட்டினால் வெளியே காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், நடுவில் வெடிக்கும். செய்தித்தாளைத் தளர்வாகக் கசக்கி, மாஸ்கிங் டேப் சுற்றி, அதன்மேல் அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு க்ளேயைப் போர்த்த வேண்டும். அலுமினியத் தாளை இறுக்கி உள்ளே வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. க்ளே சுருங்கும்போது அந்தக் கெட்டிப் பந்து விட்டுக்கொடுக்காது, அதனால்தான் கீறல் விழுகிறது. செய்தித்தாள் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும்.

வடை இதற்கென்றே பிறந்தது. ஓட்டை இருப்பதால் எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் காயும். பழைய டூத் பிரஷ்ஷால் மேலே குத்தினால் பொரிந்த சொரசொரப்பு வந்துவிடும். இட்லியும் சுலபம்தான், விரலைத் தண்ணீரில் முக்கி முக்கித் தடவாமல் இருந்தால். தண்ணீர் கூடினால் மேற்பரப்பு சேறாகி, காய்ந்ததும் வலைபோல் கீறும். தோசைதான் தகராறு. மெல்லிய தகடு மேல்பக்கம் முதலில் காய்ந்து அப்பளமாகச் சுருளும். கம்பி வலைமேல் வைத்து நாளுக்கு இருமுறை திருப்பிப் போட வேண்டும். அதற்குப் பதில் ஈரமாக இருக்கும்போதே சுருட்டி நெய் ரோஸ்ட் ஆக்கிவிடுவது புத்திசாலித்தனம்.

முறுக்குக்கு நிஜ முறுக்கு அச்சே போடலாம். நட்சத்திர வரிகள் அச்சு அசலாக விழும். க்ளேயை நான்கைந்து சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால்தான் இறங்கும். அழுத்துவது பெரியவர் வேலை. பட்டர் பேப்பர்மேல் பிழிந்து, காயும்வரை தூக்கக் கூடாது. அந்த அச்சு மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. இடியாப்பம் மட்டும் முயல வேண்டாம், தொட்டாலே ஒடியும்.

ஒட்டும் இடங்களில் இரு பக்கமும் கீறி, க்ளேயைத் தண்ணீரில் குழைத்த கூழைத் தடவ வேண்டும். வெறுமனே அழுத்தியவை காய்ந்ததும் உதிரும். வெயில் காலத்தில் இரண்டு நாள், ஐப்பசி கார்த்திகையில் நான்கைந்து நாள் காயவிடுங்கள். தொட்டால் சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அதன்மேல் வண்ணம் பூசினால் பூஞ்சை பிடிக்கும்.

போஸ்டர் கலர் கையில் ஒட்டிக்கொண்டு வரும். அக்ரிலிக்கே நல்லது: முதலில் மங்கல் மஞ்சள், காய்ந்தபின் ஸ்பாஞ்சில் பழுப்பைத் தொட்டு மேடுகளில் மட்டும் ஒற்றினால் எண்ணெயில் பொரித்த நிறம். சட்னிக்கு ஃபெவிகாலில் கலரைக் கலந்து ஊற்றுங்கள். ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்ததும் பளபளக்கும்.

பாக்கெட்டில் ‘நச்சற்றது’ என்று போட்டிருப்பதால் தின்னலாம் என்று அர்த்தமில்லை. சின்ன வகுப்புகளில் நிஜத் தின்பண்டத்தை மாதிரிக்குக் காட்டிவிட்டு, க்ளே வெளியே வரும் முன்னே எடுத்துவிடுங்கள்.

உணவுப் பண்டங்களைப் பிரம்மாண்டச் சிற்பமாக்கிய அமெரிக்கச் சிற்பி கிளேஸ் ஓல்டன்பர்க்கைக் காட்டாமல் இந்தப் பாடம் எடுப்பதில் அர்த்தமில்லை. 1962-இல் அவர் செய்த ‘ஃப்ளோர் பர்கர்’ இரண்டு மீட்டருக்கு மேல் அகலம். கான்வாஸ் துணி தைத்து, ஃபோமும் அட்டைப்பெட்டியும் அடைத்தது. டொராண்டோவில் ஒன்டாரியோ கலைக்கூடத்தில் இருக்கிறது. படத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் மேசையளவு முறுக்கு கேட்பார்கள். அங்கே இந்த க்ளே கைகொடுக்காது, கனம் தாங்காது. பழைய போர்வையைக் குழலாகத் தைத்துச் செய்தித்தாள் திணிப்பதுதான் வழி.

வாங்கும்போது பாக்கெட்டின் மூலைகளை அழுத்திப் பாருங்கள். மூலை கெட்டியாக இருந்தால் பழைய சரக்கு, மாற்றிக் கேளுங்கள்.