"இன்னும் ஒரு மணி நேரம்" என்றால் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்

கண் வைத்தியத்துக்காகச் சென்னை போய்வரும் திருகோணமலைக்காரர்கள் இதை வாசிக்க வேண்டும்.

அம்மாவுக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை முடிந்து ஐந்தாம் நாள் ஊர் திரும்பினோம். இந்திய மலிவுக் கட்டண நிறுவனம் ஒன்றின் விமானம். இரவு 8.40க்குச் சென்னையிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் புறப்பட வேண்டும். எங்களை ஏற்றுவதற்கு உப்புவெளியிலிருந்து வான் பிற்பகல் 4 மணிக்கே கிளம்பிவிட்டது. ஹபரணை, குருநாகல் தாண்டி வர ஆறு மணி நேரம் பிடிக்குமே!

8 மணிக்கு முதல் அறிவிப்பு வந்தது: ஒரு மணி நேரம் தாமதம். 9.30க்கு இன்னொரு மணி நேரம் என்றார்கள். 11 மணிக்கும் அதே பேச்சு, நள்ளிரவு கடந்தும் அதே பேச்சு. கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மா இரும்பு நாற்காலியில் சாய முடியாமல் உட்கார்ந்திருந்தார். சொட்டு மருந்தைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்திருந்ததால் தப்பித்தோம். சாப்பாடு கேட்டபோது ஒரு தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார்கள்.

ஒரு மணியளவில் அங்கு நின்ற இளம் ஊழியர் ஒருவர் அம்மாவைப் பார்த்து மனம் கேளாமல் சொன்னார்: "அக்கா, என்ஜின் கோளாறு. அந்த விமானத்தை மத்தியானமே நிறுத்திவிட்டார்கள்."

கோளாறான என்ஜினோடு பறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நிறுத்தியது சரி. 2023இல் பிராட் அன்ட் விட்னி தன் புதிய ரக என்ஜின்களில் உலோகக் குறையை அறிவித்த பிறகு உலகெங்கும் எத்தனையோ விமானங்கள் மாற்று என்ஜின் இல்லாமல் முடங்கின என்பதும் எனக்குத் தெரியும். என் கோபமெல்லாம் மறைத்ததில்தான். மத்தியானமே சொல்லியிருந்தால் வான் புறப்பட்டே இருக்காது. அம்மா தங்குமிடத்திலேயே படுத்திருப்பார்.

ஏன் ஒவ்வொரு மணி நேரமாகத் தள்ளிப் போட்டார்கள்? இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் தங்க அறை தர வேண்டும் என்பது இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. இத்தகைய குறுகிய பயணத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதித்தாலே உணவு தர வேண்டும். முழுத் தாமதத்தையும் ஒரே தடவையில் சொன்னால் அறை கொடுத்தாக வேண்டும் என்பதால்தான் இழுத்தடித்தார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காலை 6.50க்குத்தான் பறந்தோம். வான்காரத் தம்பி இரவு முழுவதும் கட்டுநாயக்காவில் காத்துக் கிடந்தார். காத்திருப்புக் கூலி எங்கள் தலையில் விழுந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. பிறகு முறைப்பாடு எழுதினேன். "மோசமான வானிலை" என்று பதில் வந்தது! அன்றிரவு ஒரு துளி மழை இல்லை. எங்கள் கண்ணெதிரே மற்ற விமானங்கள் ஏறிக்கொண்டிருந்தன. காரணம் கைமீறியது என்றால் அவர்களின் பொறுப்பு தளர்ந்துவிடும், அதுதான் சூட்சுமம்.

ஆகவே, தாமதம் என்றவுடன் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அறிவிப்புப் பலகையை நேரத்தோடு படமெடுங்கள். "எங்களுக்கான விமானம் இப்போது எங்கே நிற்கிறது?" என்று நேராகக் கேளுங்கள்; ஃபிளைட்ரேடார்24 செயலியிலும் தேடலாம். இயன்றவரை காலை விமானத்தில் இடம் பிடியுங்கள். மலிவு நிறுவனங்கள் ஒரே விமானத்தை நாள் முழுவதும் ஓட்டுகின்றன, பகலில் நேரும் பழுது இரவுப் பயணிகளின் மேல்தான் வந்து விடிகிறது.

இரண்டாம் தடவை எழுதியபோது, என்ஜின் கோளாறு என்று உங்களிடம் சொன்ன ஊழியரின் பெயர் என்ன என்று கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை.