தீனதயாள் மறுவாழ்வு மானியம்: சம்பளத்துக்குக் கைகொடுக்கும், புது முயற்சிக்குக் கைவிரிக்கும்

மாற்றுத்திறனாளிகளுக்காக ஊரளவில் பணியாற்றும் சிறு தொண்டு நிறுவனத்தினர், ஒன்றிய அரசின் மானியம் என்று பேச்செடுத்தாலே முதலில் விசாரிப்பது தீனதயாள் மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுத் திட்டத்தைத்தான். கைப்பேசியையும் உணவகத்தையும் அலசி எழுதுகிற நாம், ஒரு மானியத் திட்டத்தை அப்படி அலசுவதில்லை. ‘கிடைத்தால் போதும்’ என்ற மனநிலையே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் மானியமும் ஒரு சேவைதான்; பதிவேடு, தணிக்கை, ஆய்வு, காத்திருப்பு என்று அதற்கும் ஒரு விலை கொடுத்தாக வேண்டும். அந்த விலைக்கு ஈடாக நிறுவனத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதைக் கணக்கெழுதும் மேசையிலிருந்து பார்த்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

1999-இல் தன்னார்வ அமைப்புகளை ஊக்குவிக்கும் திட்டமாகத் தொடங்கப்பட்ட இது, 2003-இல் இன்றைய பெயரைப் பெற்றது. 2018 ஏப்ரல் 1 முதல் திருத்திய விதிகளின்படி நடக்கிறது. சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் மாற்றுத்திறனாளிகளுக்கென 2012-இல் அமைக்கப்பட்ட தனித் துறை இதை நிர்வகிக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 55-ஆவது பிரிவு, பதிவுபெற்ற நிறுவனங்களுக்கு அரசு நிதியுதவி அளிக்கலாம் என்கிறது. ‘அளிக்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. அதற்கும்கூட, அரசின் பொருளாதார வல்லமைக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு என்றொரு வரம்பைச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்த வரம்பு எவ்வளவு குறுகலானது என்பதை நிதிநிலை அறிக்கையில் பார்க்கலாம். 2024-25-இல் இத்திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது 165 கோடி ரூபாய். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்குத் தலைக்கு 62 ரூபாய்கூடத் தேறாது. எல்லாருக்கும் இந்தத் திட்டம் போய்ச் சேர வேண்டும் என்பதில்லை என்றாலும், விண்ணப்பிக்கும் எவரும் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் நிறையைச் சொல்லிவிடுகிறேன். இந்த மானியம் ஊழியர்களின் மதிப்பூதியத்தை ஏற்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் ஊரில் நன்கொடை கேட்டுப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் பெற்றோரின் நினைவு நாளுக்கும் குழந்தைகளுக்குச் சாப்பாடு போட ஆள்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரே நாளுக்கு இரண்டு குடும்பங்கள் கேட்டு, ஒருவரை மறுநாளுக்கு மாற்றிவைக்கும் நிலைமைகூட வருவதுண்டு. சக்கர நாற்காலி வாங்கித் தருவோரும் இருக்கிறார்கள். அதில் பெயர் எழுதிக்கொள்ளலாம். ஆனால் பேச்சுப் பயிற்சியாளரின் ஆனி மாதச் சம்பளத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று முன்வந்த ஒரு நன்கொடையாளரை நான் இதுவரை பார்த்ததில்லை. குழந்தையின் முன்னேற்றம் பாயசத்தில் இல்லை, அந்தப் பயிற்சியாளரிடம்தான் இருக்கிறது. யாரும் கொடுக்க முன்வராத அந்தச் செலவை அரசு ஏற்பதுதான் இத்திட்டத்தின் முதன்மையான பயன். இதற்காக மட்டுமே இதைப் பரிந்துரைக்கலாம்.

திருத்திய விதிகளின்படி ஒன்பது மாதிரித் திட்டங்களுக்கு மானியம் உண்டு. பள்ளிக்கு முந்தைய பருவத்தில் குறைபாட்டைக் கண்டறிந்து தொடக்கத்திலேயே பயிற்சி தரும் மையங்கள், அறிவுசார் குறைபாடும் செவி, பார்வைக் குறைபாடும் உள்ள குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளிகள், பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்கான திட்டம், தொழுநோயிலிருந்து குணமானவர்களின் மறுவாழ்வு, மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறியவர்களுக்கான இடைநிலை இல்லம், வீடு தேடிச் செல்லும் மறுவாழ்வுப் பணி, சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு, குறைபார்வை மையம், மனிதவள மேம்பாடு ஆகியவை அவை. எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று அரசு வகுத்த செலவு நெறிமுறைகளின்படி கணக்கிட்டு வரும் தொகையில் 90 விழுக்காடு வரை அரசு தரும். மீதம் 10 விழுக்காட்டை நிறுவனம் தன் சொந்த நிதியிலிருந்து போட வேண்டும்.

பத்து விழுக்காடுதானே என்று எளிதாக நினைத்துவிடக் கூடாது. நெறிமுறைக்கு உட்பட்ட செலவில்தான் அந்தப் பத்து. நெறிமுறைக்கு வெளியே நிற்கும் செலவுகள் முழுவதும் நிறுவனத்தின் தலையில்தான் விழும். மேலும், ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பித்து, மாவட்டத்தில் ஆய்வு முடிந்து, மாநில அரசின் பரிந்துரையோடு தில்லிக்குச் சென்று ஒப்புதல் ஆகி வரும் பணம் இது. மாதம் பிறந்தால் சம்பளம் கொடுத்தாக வேண்டிய நிறுவனத்துக்கும், நிதியாண்டின் போக்கில் நகரும் கோப்புக்கும் இடையே உள்ள இடைவெளியை யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டும். பல இடங்களில் அந்த ‘யாராவது’ நிறுவனரின் குடும்ப நகைகளாக இருக்கின்றன. ஆறு மாதச் சம்பளத்துக்காவது கையிருப்பு இல்லாமல் இந்த மானியத்தை நம்பி ஆள் எடுப்பதை நான் யாருக்கும் ஆலோசனையாகச் சொல்ல மாட்டேன்.

தாள்வேலையைப் பொறுத்தவரை, பயந்ததைவிடக் குறைவு, சொல்லப்பட்டதைவிட அதிகம். நிறுவனம் பதிவாகிக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். உரிமைகள் சட்டத்தின்படி பெற்ற பதிவுச் சான்றிதழ் நடப்பில் இருக்க வேண்டும். தொண்டு நிறுவனங்களைப் பதிவுசெய்யும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் இணையதளத்தில் அடையாள எண் பெற்று, மானிய விண்ணப்பத்துக்கான இ-அனுதான் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சிறப்பாசிரியர்களும் பயிற்சியாளர்களும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும். கிராமப்புற மையங்களை உண்மையில் திணறடிப்பது இந்த ஒரு நிபந்தனைதான். ஆனால் அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயிற்சி இல்லாத கைகளில் குழந்தையை ஒப்படைக்கக் கூடாது என்பது சரியான விதி. அந்தத் தகுதியோடு சிற்றூருக்கு வந்து தங்க ஆள் கிடைக்கும் அளவுக்கு மதிப்பூதியம் இருக்கிறதா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

மானியம் எப்படிச் செலவானது என்று அரசுக்குக் கணக்குக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொது நிதி விதிகள், 2017-இன் 12-அ படிவம் அது. ஆண்டுத் தொடக்கத்தில் கையில் இருந்த மானிய இருப்பு, அதற்குக் கிடைத்த வட்டி, அந்த வட்டியில் அரசுக்குத் திருப்பிச் செலுத்தியது, ஆண்டில் பெற்ற மானியம், மொத்தம், செலவு, மீதி என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். வங்கிக் கணக்கில் மானியப் பணம் சில வாரங்கள் கிடந்ததற்கு ஏறிய சில நூறு ரூபாய் வட்டிகூட அரசின் பணம். அதை இந்தியத் தொகுப்பு நிதியில் திரும்பச் செலுத்தி, செலுத்திய சீட்டை இணைக்க வேண்டும். மாதக்கணக்கில் கைக்காசு போட்டுச் சம்பளம் கொடுத்த நிறுவனத்துக்கு அந்தக் கைக்காசின் வட்டியை எந்தக் கட்டத்திலும் எழுத இடமில்லை என்பதையும் படிவத்தை நிரப்புகிறவர் கவனிக்காமல் இருக்க முடியாது. இருந்தாலும் படிவம் தெளிவானது. மானியத்துக்கென்று தனி வங்கிக் கணக்கும் தனிக் குறிப்பேடும் முதல் நாளிலிருந்தே வைத்திருந்தால், ஆடிட்டரிடம் போய் உட்காரும் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

என் முக்கியமான மனக்குறை வேறு. மானியத் தொகையும் ஊழியர் எண்ணிக்கையும் பயனாளிகளின் எண்ணிக்கையை ஒட்டித் தீர்மானிக்கப்படுகின்றன. ஒரு மையத்தில் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கு உண்டு. எத்தனை குழந்தைகள் அந்த மையமே தேவையில்லை என்ற நிலையை எட்டினார்கள் என்பதற்குப் பணம் இல்லை. உரிமைகள் சட்டத்தின் 16-ஆவது பிரிவு எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் கல்வியைக் கேட்கிறது. 31-ஆவது பிரிவு, 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமையைத் தருகிறது. இந்தச் சட்டத்தின் மனப்போக்குப்படி நன்றாக வேலை செய்யும் மையத்திலிருந்து ஆண்டுதோறும் சில குழந்தைகளாவது ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டும். அப்படிப் போகும்போது மையத்தின் பதிவேட்டில் பெயர்கள் குறைகின்றன. புதிய குழந்தைகளைத் தேடிச் சேர்க்காவிட்டால் மானியமும் குறையும்.

இது காகிதத்தில் மட்டும் இருக்கும் சிக்கலா என்று கேட்கலாம். வீடு தேடிச் செல்லும் பணியில் ஊழியர் ஒரு வருகைத்தாளை எடுத்துச் செல்வார். தேதி, வந்த நேரம், கொடுத்த பயிற்சி, அம்மாவின் கையொப்பம் அல்லது கைரேகை ஆகியவை அதில் இருக்கும். மதியம் போய்ப் பார்த்தால் பையன் வீட்டில் இல்லை. எங்கே என்றால், ‘அக்காவோட பள்ளிக்கூடம் போயிட்டான் சார், டீச்சர் உட்கார வெச்சுக்கிறேன்னு சொன்னாங்க’ என்கிறார் அம்மா. அந்த ஊழியர் ஓராண்டாகப் பட்ட பாட்டுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. ஆனால் வருகைத்தாளில் அன்றைக்கு எழுதக் கிடைப்பது ‘குழந்தை இல்லை’ என்ற இரண்டு சொற்கள். பள்ளிக்கே போய், அவன் உட்கார ஏற்ற பெஞ்சு இருக்கிறதா, கழிப்பறைக்குச் சாய்தளம் உண்டா, ஆசிரியருக்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்று பார்ப்பதுதான் அடுத்து செய்ய வேண்டிய வேலை. நல்ல ஊழியர்கள் அதையும் செய்கிறார்கள். பெரும்பாலும் பதிவேட்டுக்கு வெளியே, தங்கள் சொந்த நேரத்தில். மானியம் தருபவர் எதை எண்ணுகிறாரோ, அதைத்தான் சில ஆண்டுகளில் நிறுவனமும் வளர்க்கத் தொடங்கும். எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து படிப்பதை விரும்பும் அரசு, மையத்தை விட்டு வெளியேறிய குழந்தையைப் பள்ளியில் ஈராண்டாவது தொடர்ந்து பார்ப்பதற்கு ஒரு செலவினத்தைச் சேர்த்தால் இந்தக் கோணல் நிமிரும்.

புதுமை என்று வரும்போது ஒன்பது மாதிரிகளின் பட்டியலே சுவராக நிற்கிறது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கத்தை எடுத்துக்கொள்வோம். சிறப்பு வல்லுநர்கள் எல்லா ஊருக்கும் வர முடியாது என்பதால், கிராமத்துப் பணியாளர் வீட்டுக்குப் போய்க் குழந்தையின் வளர்ச்சியைக் கைக்கணினியில் பதிவு செய்யவும், வல்லுநர் தொலைவிலிருந்தே அதைப் பார்த்து வழிகாட்டவும் ஒரு செயலியை அவர்கள் உருவாக்கினார்கள். அந்த முயற்சிக்குத் துணை நின்ற அமைப்புகளுள் ஒன்று, கனடா அரசின் நிதியில் இயங்கும் கிராண்ட் சேலஞ்சஸ் கனடா. நம் மாவட்டத்துக் குழந்தைகளுக்காக நம் ஊரில் பிறந்த யோசனைக்கு ஒட்டாவாவின் வரிப்பணம் கைகொடுத்தது என்பதைப் பெருமையாகவும் எடுத்துக்கொள்ளலாம், சங்கடமாகவும் எடுத்துக்கொள்ளலாம். அத்தகைய நிதி ‘முயன்று பார், பலன் தெரிந்தால் விரிவாக்கு’ என்ற முறையில் வருகிறது. தீனதயாள் மானியமோ ஏற்கெனவே பலன் தெரிந்த வேலையை ஆண்டுதோறும் நடத்திக்கொண்டிருப்பதற்கானது. இரண்டும் தேவை. ஆனால் புது முயற்சியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கதவைத் தட்டுபவர் தம் யோசனையை ஒன்பதில் ஒன்றின் அச்சுக்குள் அடைத்து எழுத வேண்டியிருக்கும். எழுதி முடிக்கும்போது அதில் புதிதாக எதுவும் மிஞ்சியிருக்காது.

தமிழ்நாட்டிலேயே மாற்று வழிகள் இருக்கின்றனவா என்றால், 2022-இல் உலக வங்கி 162 மில்லியன் டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்த மாநில அரசின் உரிமைகள் திட்டம் பெரிய அளவிலானது. இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி, உளவியல் ஆலோசனை ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் தரும் ‘விழுதுகள்’ மையங்கள் அதன் வழியே வந்தவை. அது தொண்டு நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் தரும் மானியம் என்ற வகையைச் சேர்ந்ததில்லை என்பதால் இரண்டையும் இங்கே ஒப்பிட்டு மதிப்பெண் போடவில்லை. ஆனால் உங்கள் வட்டாரத்தில் விழுதுகள் மையம் திறந்திருந்தால், அதே சேவைக்காக இன்னொரு மையத்தை மானியத்தில் தொடங்குவதற்கு முன் ஒரு முறை அங்கே போய் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். இரண்டைக் குறைத்தது தலை எண்ணும் முறைக்கும் அச்சு மாறாத பட்டியலுக்கும்; மூன்றைக் கொடுத்தது சம்பளத்துக்காக. சிறப்புப் பள்ளியோ தொடக்கநிலைப் பயிற்சி மையமோ ஏற்கெனவே நடத்திக்கொண்டு, கணக்கை ஒழுங்காக வைத்திருக்கும் நிறுவனம் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். புதிதாக ஒன்றை முயன்று பார்க்க நினைப்பவர்கள், முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியையோ அறக்கட்டளைகளையோ நாடிவிட்டு, வேலை ஓரளவு நிலைபெற்ற பிறகு இந்தப் பக்கம் வருவது நலம். விண்ணப்பிக்க முடிவு செய்துவிட்டால், தளத்தைத் திறப்பதற்கு முன் இரண்டு தேதிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி பெற்ற நிறுவனப் பதிவு எப்போது முடிகிறது, ஊழியர்களின் மறுவாழ்வு மன்றப் பதிவு எப்போது முடிகிறது. இரண்டில் ஒன்று காலாவதியாகும் கட்டத்தில் இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துக்கொண்டு, பிறகு இ-அனுதான் தளத்துக்குப் போகலாம்.