வெள்ளை மார்பிள் டேடோவுக்கு என்ன நிற ஜாயின்ட்? நாலு வருஷம் சமைத்துப் பார்த்த பிறகு

கிச்சன் மேடைக்கு மேலே இருக்கிற சுவருக்கு, அதாவது டேடோவுக்கு, மார்பிள் வாங்கப் போகிறவர்கள் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். இந்தப் பீஸில் கோடு அதிகம், அதைத் திருப்பி வையுங்கள், வெயிலில் கொண்டு வந்து காட்டுங்கள் என்று கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிடுவார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற ஜாயின்ட்டை அடைக்கிற அன்று மேஸ்திரி கலர் என்னவென்று கேட்டால் மட்டும் யோசிக்காமல் பதில் வரும்: வெள்ளைக் கல்தானே, வெள்ளையே போட்டுடுங்க.

எங்கள் மேஸ்திரியும் அப்படித்தான் நினைத்திருந்தார். நான் பழுப்பு கலந்த வெளிர் சாம்பல் வேண்டும் என்றதும் அவருக்கு முகமே சரியில்லை. "வெள்ளைக் கல்லுக்கு வெள்ளை தானுங்கக்கா எடுப்பா இருக்கும். சாம்பல் போட்டா அழுக்குப் புடிச்ச மாதிரி தெரியுமுங்க" என்றார். "அழுக்கு எப்படியும் புடிக்கத்தானுங்கண்ணா போகுது" என்றேன். சிரித்துவிட்டு அடைத்துக் கொடுத்தார். நாலு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தினமும் இரண்டு வேளை தாளிப்பு, தீபாவளிக்குப் பலகாரம், வாரக் கடைசியில் மீன். இனிமேல் அந்த நிறத்தைப் பற்றித் தைரியமாகப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

வீடு கோயம்புத்தூரில். மேடை வழக்கமான கருப்பு கிரானைட். அதற்கு மேலே அலமாரி வரைக்கும் ராஜஸ்தான் வெள்ளை மார்பிள், பாலிஷ் போட்டது, அங்கங்கே சாம்பல் கோடு ஓடும். மக்ரானா கிடையாது. தாஜ்மகால் கட்டின கல்லை ரசம் தெறிக்கிற இடத்தில் ஒட்ட மனசு வரவில்லை, பணமும் இடம் கொடுக்கவில்லை. நாலு இஞ்சுக்குப் பன்னிரண்டு இஞ்சாக வெட்டி, 2 மி.மீ. ஸ்பேசர் வைத்து ஒட்டியது. அடுப்பு ஒரு சுவரில், சிங்க் பக்கத்துச் சுவரில் கிழக்கு ஜன்னலுக்கு எதிரே. சிங்க்கில் இரண்டு குழாய். ஒன்றில் சிறுவாணி, இன்னொன்றில் போர் தண்ணீர். பாத்திரம் விளக்குவதெல்லாம் போர் தண்ணீரில்தான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஜாயின்ட் நிறத்துக்கும் குழாய்த் தண்ணீருக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் 100க்கு 300 மி.மீ. கல்லில் 2 மி.மீ. இடைவெளி விட்டால் மொத்தச் சுவரில் ஜாயின்ட் 3 சதவீதம்கூட வராது. அந்தக் கொஞ்சத்துக்கு இவ்வளவு யோசனையா என்று வீட்டுக்காரரே கேட்டார். ஆனால் பாலிஷ் போட்ட கல்லின் மேல் எது தெறித்தாலும் உடனே துடைத்தால் போய்விடும். ஜாயின்ட் கல்லைவிடக் கொஞ்சம் உள்வாங்கி இருக்கும். சிமென்ட் வகையாக இருந்தால் அதில் நுண்துளையும் இருக்கும். சுவரில் வழிகிற எண்ணெய், மஞ்சள், சோப்பு நுரை எல்லாம் கடைசியில் வந்து உட்காருகிற இடம் அதுதான். சுவர் பழசாகிவிட்டது என்று முதலில் காட்டிக் கொடுப்பதும் அதுதான்.

நம் சமையலில் ஜாயின்ட்டுக்கு இரண்டு எதிரிகள். அடுப்புப் பக்கம் எண்ணெயும் மஞ்சளும். அது வெள்ளையைப் பழுப்பாக்கும். சிங்க் பக்கம் உப்புத் தண்ணீர். அது காயக் காய வெள்ளைப் பொடியாகப் பூக்கும், கருப்பை நரைக்க வைக்கும். ஆக வெள்ளை அடைத்தால் அடுப்புப் பக்கம் தோற்கும், அடர் சாம்பல் அடைத்தால் சிங்க் பக்கம் தோற்கும். நடுவில் இருக்கிற நிறம் இரண்டு பக்கமும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். நான் நிறம் தேர்ந்தெடுத்த மொத்த நியாயமும் இவ்வளவுதான். பார்க்க அழகாக இருப்பது கூடுதல் லாபம்.

சாம்பலிலும் எந்தச் சாம்பல் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். நீலம் கலந்த சாம்பல் ஷேடு கார்டில் பளிச்சென்று நாகரிகமாக இருக்கும். வெள்ளை ட்யூப்லைட் வெளிச்சத்தில் அது இன்னும் நீலமடித்து, கல்லை மஞ்சளாகக் காட்டிவிடும். எண்ணெய்ப் பழுப்பும் அதன் மேல் தனியாகத் தெரியும். பழுப்பு கலந்த சாம்பலில் அந்தப் பழுப்பு கலந்துவிடுகிறது. கல்லில் ஓடுகிற கோட்டின் அடர்ந்த பகுதியை விட்டுவிட்டு, அது வெளுத்துக் கரைகிற ஓரத்தைப் பாருங்கள். அந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது வருகிறதோ அதை எடுத்தால் தப்பாது. கல்லின் வெள்ளையைவிட ஒரு படி அடர்த்தி, அவ்வளவு போதும்.

கார்டை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அதில் இருக்கிற குச்சி பிளாஸ்டிக். ஜாயின்ட் அடைக்கிற சிமென்ட் பொடி, அதாவது சிமென்ட் கிரவுட், குழைக்கும்போது ஒரு நிறம், காய்ந்த பிறகு அதைவிட வெளிர். நான் மிச்சமான கல் துண்டுகளை ஒரு பலகையில் ஒட்டி, வெள்ளை, ஐவரி, இந்தப் பழுப்புச் சாம்பல், கரி நிறம் எல்லாவற்றையும் அடைத்து நன்றாகக் காயவிட்டேன். காலை வெளிச்சத்தில் ஒரு தடவை, ராத்திரி ட்யூப்லைட்டில் ஒரு தடவை, அலமாரிக்குக் கீழே இருக்கிற மஞ்சள் எல்இடியில் ஒரு தடவை பார்த்தேன். அப்புறம் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு சொட்டு நல்லெண்ணெய், கொஞ்சம் மஞ்சள் தண்ணீர், ஒரு மூலையில் போர் தண்ணீர் விட்டுக் காயவைத்தேன். ஐவரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மஞ்சள் பட்டதும் அந்த ஆசை போய்விட்டது.

மஞ்சளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதே வேலை சுவரிலும் நடக்கும். சிமென்ட்டில் சுண்ணாம்புக் காரம் இருக்கிறது, புதிதாக அடைத்ததில் அதிகமாகவே இருக்கும். அடைத்த புதிதில் மிக்ஸி மூடி கழன்று, மஞ்சளும் தேங்காயும் அரைத்த விழுது அடுப்புக்கு வலது பக்கம் அடித்துவிட்டது. கல்லில் துடைத்ததும் போனது. ஜாயின்ட்டில் மஞ்சளாக இருந்தது, சோப்பு போட்டுத் தேய்த்ததும் செங்கல் நிறமாகிவிட்டது. வேட்டியில் சாம்பார் கறை சோப்பு பட்டுச் சிவக்கிற அதே சமாசாரம். சிங்க் சுவரில் தெறித்திருந்தவை காலை வெயில் பட்டுப் பட்டுத் தானாக வெளுத்தன, மஞ்சள் வெளிச்சத்துக்கு நிற்காது. அடுப்புச் சுவரில் வெயில் விழாது. அங்கே மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடில் சமையல் சோடாவைக் குழைத்துக் கோட்டின் மேல் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ராத்திரி முழுக்க விட்டேன். பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் இருந்தது அந்தப் பழுப்புச் சாம்பலில் அடங்கிவிட்டது. வெள்ளையாக இருந்திருந்தால் இன்றைக்கும் அந்த ஒரு ஜாண் கோடு கண்ணை உறுத்தியிருக்கும்.

இந்த இடத்தில் எலுமிச்சை, புளி, வினிகர் எதையும் கையில் எடுக்காதீர்கள். புளி போட்டால் பித்தளைப் பாத்திரம் பளபளக்கும், மார்பிள் கெட்டுப்போகும். மார்பிள் கால்சியம் கார்பனேட். புளிப்பு பட்ட இடத்தில் பாலிஷ் அரித்து மங்கலாகும். அது கறை கிடையாது, கல்லே கரைந்த தடம், தேய்த்தால் போகாது. பாத்ரூமுக்கு ஊற்றுகிற ஆசிட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கறை எடுக்கப் போய்க் கல்லைத் தொலைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

மற்ற நிறங்கள் எப்படி வயதாகின்றன என்று பார்க்க எனக்கு வெளியே தேட வேண்டியதில்லை. நாத்தனார் வீட்டில் இதே போன்ற வெள்ளை மார்பிளுக்குக் கரி நிற ஜாயின்ட். போட்டோவில் பார்த்து ஆசைப்பட்டுப் போட்டது. புதிதில் அட்டகாசமாக இருந்தது, நான்கூடப் பொறாமைப்பட்டேன். கல்லுக்குள் எதுவும் ஊறாமல் தடுக்கிற சீலர் அடிக்காமல் அடைத்துவிட்டார்கள். அடைத்த கரிச் சாயம் ஓரம் வழியாகக் கல்லுக்குள் இழுத்து, ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் போட்டோவுக்குச் சட்டம் போட்ட மாதிரி மெல்லிய சாம்பல் நிழல். அது உள்ளே இருக்கிறது, வெளியே தேய்த்து என்ன பயன்? சிங்க் பக்கம் கோடுகள் நரைத்துவிட்டன. நாத்தனார் அதைக் காட்டி "இதுக்கும் டை அடிக்கணும் போல" என்று சிரிக்கிறார்.

தங்கை திருப்பூரில் சிமென்ட்டுக்குப் பதிலாக ரெசின் வகைக் கிரவுட்டான எபாக்ஸியை வெள்ளையில் போட்டிருக்கிறாள். எபாக்ஸி தண்ணீரையும் எண்ணெயையும் உள்ளே விடாது, அந்த விஷயத்தில் சிமென்ட் அதன் கிட்டே வர முடியாது. அவள் வீட்டில் எண்ணெய்க் கறை என்ற பேச்சே இல்லை. ஆனால் வெள்ளை எபாக்ஸி வெயில் பட்டால் தானாகவே மஞ்சளிக்கும். ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த மசாலா ஸ்டாண்டை ஒருநாள் கழற்றியபோது, அதற்குப் பின்னால் இருந்த கோடு மட்டும் போட்ட அன்று இருந்த வெள்ளையில் இருந்தது. சுற்றிலும் பழைய மோர் நிறம். ஸ்டாண்டை மறுபடி அங்கேயே மாட்டிவிட்டாள்.

அப்படியானால் எபாக்ஸியே இந்தப் பழுப்புச் சாம்பலில் போடலாமே என்று கேட்டால், போடலாம். விலை சிமென்ட் கிரவுட்டைப் போலப் பல மடங்கு, கூலியும் அதிகம். எங்களுக்குக் கிடைத்த ஆளுக்கு எபாக்ஸி பழக்கமில்லை, அதனால்தான் நான் போகவில்லை. மார்பிள் மேல் படிந்த எபாக்ஸியை இறுகுவதற்குள் துடைக்காவிட்டால் பாலிஷின் மேல் ஆடை மாதிரி நின்றுவிடும். அதை எடுக்கிற பாடு சாமானியமல்ல. கை தேர்ந்த ஆள் கிடைத்தால் அடுப்புச் சுவருக்கு மட்டுமாவது நான் எபாக்ஸியைத்தான் சொல்வேன். அதையும் ஓரமாக ஒரு கல்லில் சோதித்துப் பார்த்துவிட்டு.

சிமென்ட் வகை வாங்குகிறவர்கள் மணல் கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள். கடினத்துக்கான மோஸ் அளவில் மார்பிள் 3, மணலில் இருக்கிற குவார்ட்ஸ் 7. மணல் கலந்ததை ரப்பர் பலகையால் அழுத்தித் தேய்த்தால் பாலிஷில் கீறல் விழும். 3 மி.மீ.க்குக் குறைந்த இடைவெளிக்கு மணல் கலக்காததுதான் சரியாக உள்ளேயும் இறங்கும். இன்னொன்று, குழைக்கும்போது தண்ணீர். வேலை சுலபமாக ஓடட்டும் என்று தண்ணியாகக் குழைத்தால் காய்ந்த பிறகு திட்டுத் திட்டாக இருக்கும். பாக்கெட்டில் போட்ட அளவை அளந்து ஊற்றச் சொல்லி நான் பக்கத்திலேயே நின்றேன். மேஸ்திரிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானமாகிக்கொண்டோம்.

அடைப்பதற்கு முன்னால் கல்லுக்கு ஒரு தடவை, ஜாயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகு மொத்தச் சுவருக்கும் ஒரு தடவை, உள்ளே ஊறுகிற சீலர் அடித்தோம். அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளிப் பலகாரம் சுடுவதற்கு முன்னால். இடையில் சந்தேகம் வந்தால் கோட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்ப்பேன். முத்தாக நின்றால் சரி, ஊறிக் கருத்தால் சீலர் போய்விட்டது. அடுப்புச் சுவரில் சிங்க் சுவரைவிடச் சீக்கிரமே ஊற ஆரம்பிக்கிறது. தினசரிச் சுத்தத்துக்குப் பாத்திர சோப்பு இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பல் பிரஷ்.

குறையும் சொல்ல வேண்டும். தாளிக்கிற பர்னருக்கு நேர் பின்னால் இரண்டாவது வரிசைக் கோடு, கடுகு வெடித்துத் தெறிக்கிற உயரம், மற்ற இடத்தைவிடக் கண்டிப்பாக ஒரு படி அடர்ந்திருக்கிறது. சிம்னி இருந்தும் அப்படித்தான். குனிந்து பார்த்தால் தெரியும், நின்று சமைக்கும்போது தெரியாது. சிங்க் குழாய்க்குப் பின்னால் உப்பு லேசாகப் பூக்கிறது, வாரத்துக்கு ஒரு தடவை ஈரத் துணி கேட்கிறது. மற்றபடி வருகிறவர்களில் பாதிப் பேர் கல்லைத் தொட்டுப் பார்க்கிறார்களே தவிர, ஜாயின்ட் என்ன நிறம் என்று கேட்டதில்லை.

மேடையும் சுவரும் சேர்கிற இடத்திலும், இரண்டு சுவர் சேர்கிற மூலையிலும் கிரவுட் அடைக்க விடாதீர்கள். அங்கே அசைவு இருக்கும், கிரவுட் விரிசல் விடும். அதே சாம்பலுக்குப் பக்கத்தில் வருகிற சிலிக்கோன் போடுங்கள். கண்ணாடி மாதிரி இருக்கிற சிலிக்கோன் மேடை ஓரத்தில் ஈரம் தங்கிக் கருப்புப் புள்ளி விட்டால் அப்படியே வெளியே தெரியும்.

பச்சை மார்பிள் போடுகிறவர்களுக்கு நான் சொன்ன நிறக் கணக்கு பொருந்தாது. அதற்கு முன்னால் வேறு கவலை இருக்கிறது: அந்தக் கல் தண்ணீர் கலந்து குழைக்கிற பசையில் ஒட்டினால் வளையக்கூடும். அதைப் பற்றிக் கல் கடையில் கேட்டு, ஒட்டும்போதே எபாக்ஸி பசைக்குப் போங்கள்.

கடைசியாக, வாங்கின பாக்கெட்டில் இருக்கிற ஷேடு பெயரையும் பேட்ச் எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரித்த பாக்கெட் கட்டியாகிவிடும், எடுத்து வைத்துப் பிரயோஜனமில்லை. போன வருஷம் குழாய் மாற்றியபோது இரண்டு கல்லைப் பெயர்க்க வேண்டி வந்தது. அதே பெயரில் புதுப் பாக்கெட் வாங்கி அடைத்தும் அந்த இடம் ஒரு படி வெளிராக நிற்கிறது. ஒரு மாதம் எண்ணெயும் சோப்பும் பட்டால் சேர்ந்துவிடும் என்று பிளம்பர் சொன்னார். பாதி சேர்ந்திருக்கிறது.