ஆரிஸ் எஸ்பி8200 கேபிள் மோடம்: அமெரிக்கப் பல்கலைக்கழக ஊரில் வாடகை வீடு எடுப்பவர்கள் வாங்கலாமா?

வளாகத்துக்குள் இருக்கும்வரை பல்கலைக்கழகம் தரும் எடுராம் வைஃபை போதும். வெளியே அபார்ட்மெண்ட் எடுத்த அன்றே இணையம் உங்கள் சொந்தப் பொறுப்பாகிவிடும். ஃபைபர் வராத கட்டடம் என்றால் அங்கே மிஞ்சுவது பெரும்பாலும் கேபிள் டிவி கம்பிவழி இணையம்தான். அந்தக் கம்பியில் மாட்டும் மோடத்தைக் கேபிள் கம்பெனியிடம் வாடகைக்கு எடுக்கலாம், சொந்தமாகவும் வாங்கலாம். சொந்தமாக வாங்குபவர்களில் பலர் தேர்ந்தெடுக்கும் மாடல் எஸ்பி8200. மோடம் தரமானது. ஆனால் எல்லோருக்கும் தேவைப்படாது. அது ஒழுங்காக ஓடுமா என்பதைத் தீர்மானிப்பதும் மோடத்தைவிடச் சுவரிலிருந்து வரும் கம்பிதான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். மோடம் புதிதாக 150 டாலரை ஒட்டி வரும். இதில் வைஃபை கிடையாது என்பதால் தனியாக ஒரு ரவுட்டரும் வேண்டும். இரண்டு படுக்கையறை வீட்டுக்குச் சாதாரண வைஃபை 6 ரவுட்டர் 70, 80 டாலரில் கிடைக்கிறது. வாடகை மாதம் 15 டாலர் என்று வைத்துக்கொண்டால் போட்ட பணம் திரும்ப ஏறக்குறைய ஒன்றேகால் வருடம் ஆகும். இரண்டு வருட எம்எஸ் படிப்பவருக்கு லாபம் சிறிதுதான். ஐந்து வருட ஆராய்ச்சி மாணவருக்கும் ஆசிரியருக்கும் லாபம் பெரிது. ஒரு வருடம் மட்டும் தங்கும் விசிட்டிங் ஆய்வாளர் வாங்கவே வேண்டாம்.

இந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். ஆஸ்டின், கொலம்பஸ் போன்ற ஊர்களில் சேவை தரும் ஸ்பெக்ட்ரம் நிறுவனம் மோடத்துக்கு வாடகை வாங்குவதில்லை. அங்கே சொந்த மோடம் வாங்கினால் ஒரு காசும் மிச்சமாகாது. ரவுட்டர் மட்டும் வாங்கினால் போதும். ஆன் ஆர்பர், அர்பானா-ஷாம்பெய்ன் பக்கம் இருக்கும் காம்காஸ்டில் பிளானுக்குப் பிளான் வேறுபடும். வாடகைப் பெட்டி விலையிலேயே அடங்கிய பிளான்களும் இப்போது உண்டு. 2024 ஏப்ரலிலிருந்து பெரிய இணைய நிறுவனங்கள் ஒவ்வொரு பிளானுக்கும் உணவுப் பொட்டலத்தில் இருப்பதுபோல ஒரு விவரச் சீட்டு காட்டவேண்டும் என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி விதித்திருக்கிறது. மாத விலை, சலுகை எப்போது முடிகிறது, உபகரணக் கட்டணம், டேட்டா அளவு, அப்லோடு வேகம் எல்லாம் அதில் இருக்கும். விளம்பரப் பக்கத்தை விட்டுவிட்டு அந்தச் சீட்டைப் படியுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: சொந்த மோடம் வைத்திருப்பவரிடம் உபகரண வாடகை வசூலிக்கக்கூடாது என்று 2019-ல் சட்டமே வந்துவிட்டது. முதல் பில்லில் அப்படி ஒரு வரி வந்தால் உடனே கேளுங்கள், எடுத்துவிடுவார்கள்.

சோசியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) இன்னும் கைக்கு வராதவர்கள் இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போது அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். கம்பெனியின் கடைக்கு நேரில் போய் பாஸ்போர்ட்டையும் லீஸ் ஒப்பந்தத்தையும் காட்டுவதுதான் சுருக்கமான வழி. டெபாசிட் கேட்கலாம். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் ஊரே வீடு மாறும் என்பதால் லீஸில் கையெழுத்துப் போட்டதுமே இணைப்புக்குத் தேதி வாங்கிவிடுங்கள்.

இனி பெட்டி. கேபிள் கம்பிவழி இணையத்துக்கான தரநிலை டாக்சிஸ். எஸ்பி8200 அதில் 3.1 வகை. பழைய 3.0 முறையில் 32 டவுன்லோடு சேனல், 8 அப்லோடு சேனல். அதற்கு மேல் 3.1-க்குரிய, ஓஎஃப்டிஎம் எனப்படும் அகலமான சேனல்கள் டவுன்லோடுக்கும் அப்லோடுக்கும் இரண்டிரண்டு. உள்ளே இருப்பது பிராட்காம் சிப். இதை ஏன் சொல்கிறோம் என்றால், இதே குடும்பத்தில் முன்பு வந்த எஸ்பி6190 இன்டெல் ப்யூமா 6 சிப்பில் ஓடியது. அந்தச் சிப்பில் தரவுப் பாக்கெட்டுகள் திடீர் திடீரென்று தாமதமாகும் கோளாறு 2016 இறுதியில் பரவலாக அம்பலமானது. வேகச் சோதனையில் ஒன்றும் தெரியாது. ஜூமில் குரல் வெட்டும், தொலைவிலுள்ள கணினியில் வேலை செய்யும் எஸ்எஸ்எச் திரை திக்கும். பழைய பொருள் விற்கும் குழுக்களில் 20 டாலருக்கு எஸ்பி6190 வந்தாலும் வாங்காதீர்கள்.

ஆராய்ச்சி வேலைக்கு 3.1 தரும் உண்மையான நன்மை டவுன்லோடு வேகத்தில் இல்லை. அப்லோடு வரிசை நீண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளும் பை (PIE) என்ற முறையை 3.1 விதி கட்டாயமாக்கியிருக்கிறது. ஒருவர் கூகுள் டிரைவில் கோப்பு ஏற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் இன்னொருவர் வழிகாட்டியோடு வீடியோவில் பேச முடிவது அதனால்தான். நான்கு பேர் பகிரும் வீட்டில் இது பெரிய விஷயம்.

பின்புறம் இரண்டு ஈதர்நெட் துளைகள் இருக்கின்றன. இரண்டிலும் ஆளுக்கொரு லேப்டாப்பை மாட்டலாம் என்று நினைத்து வாங்குபவர்கள் ஏராளம். வீட்டு இணைப்புக்குக் கம்பெனி பொதுவாக ஒரே ஒரு பொது ஐபி முகவரிதான் தரும். இரண்டாவது கருவிக்கு ஒன்றும் கிடைக்காது. ஒரு துளையில் ரவுட்டரை மாட்டுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். ஒரு துளையின் உச்சம் நடைமுறையில் 940 எம்பிபிஎஸ் என்பதால் ஜிகாபிட்டுக்கு மேற்பட்ட பிளான் எடுப்பவருக்கு 2.5 ஜிகாபிட் துளையுள்ள மோட்டரோலா எம்பி8611 பொருந்தும்.

பொருத்துவது இப்படி. வீட்டில் மூன்று நான்கு கோஆக்ஸ் (கேபிள் கம்பி மாட்டும்) துளைகள் இருந்தாலும் உயிரோடிருப்பது ஒன்றாகவே இருக்கக்கூடும். அலமாரிக்குள் அல்லது துணி அறையில் ஒரு சின்ன இணைப்புப் பெட்டி இருக்கிறதா என்று தேடுங்கள். முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன, ஒரு கம்பியைப் பல கிளைகளாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் அங்கேயோ சுவர்த் துளையிலேயோ தொங்கும். டிவி இணைப்பு இல்லையென்றால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு கம்பி முனைகளையும் எஃப்-81 என்ற இரண்டு டாலர் இணைப்பியால் நேராகச் சேருங்கள். கம்பி ஆர்ஜி6 ஆக இருக்கட்டும். மெலிந்த ஆர்ஜி59 பழைய டிவி காலத்தது. திருகை விரலால் இறுக்கியபின் 7/16 அங்குல ஸ்பானரால் எட்டில் ஒரு சுற்று மட்டும் கூடுதலாகத் திருப்புங்கள். மோடம் பக்கத்தில் ஸ்பானர் வேண்டாம், துளை பிய்ந்துவிடும்.

மின்சாரம் கொடுத்ததும் அவசரப்படாதீர்கள். முதல்முறை கால் மணி நேரம் வரை எடுக்கலாம். இடையில் கம்பெனி தன் ஃபர்ம்வேரை (மோடத்தின் உள் மென்பொருளை) ஏற்றும், மோடம் தானாக அணைந்து எழும். அந்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்கக்கூடாது. பிறகு மொபைல் டேட்டாவில் கம்பெனியின் ஆப்பைத் திறந்து மோடத்தைப் பதிவு செய்யவேண்டும். அடியில் ஒட்டிய லேபிளில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் இருக்கும். கேட்பது கேபிள் பக்கத்து மேக் முகவரியை (வலையமைப்பில் கருவியை அடையாளம் காட்டும் எண்ணை), வரிசை எண்ணை அல்ல. பதிவு தடுக்கப்பட்டால் முதலில் இந்த எண்ணைச் சரிபாருங்கள்.

அடுத்து பலரும் ஒரு மாலையை இழக்கும் இடம். மோடத்தில் முதலில் லேப்டாப்பை மாட்டிச் சோதித்துவிட்டு அதே கம்பியை ரவுட்டருக்கு மாற்றினால் இணையம் வராது. மோடம் முதலில் பார்த்த கருவியையே நினைவில் வைத்திருக்கும். கருவி மாறும்போதெல்லாம் மோடத்தை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போட வேண்டும். ரவுட்டரைக் குறைசொல்லித் திருப்பிக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் இங்கேதான் விட்டிருப்பார்கள்.

இணையம் வந்துவிட்டது என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். உலாவியில் 192.168.100.1 என்று அடித்தால் மோடத்தின் நிலைப் பக்கம் வரும். டவுன்லோடு சிக்னல் ஒவ்வொரு சேனலிலும் மைனஸ் 7-க்கும் பிளஸ் 7-க்கும் இடையில் டிபிஎம்வி (சிக்னல் பலத்தின் அலகு) இருந்தால் நிம்மதி. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 36 டிபிக்கு மேல் இருந்தால் நல்லது, 33-க்குக் கீழே போனால் தொல்லை. அப்லோடு சக்தி 38 முதல் 48 டிபிஎம்வி வரை இருக்கட்டும். 50-ஐத் தாண்டினால் மோடம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். எந்த நேரமும் இணைப்பு அறுந்துபோகலாம்.

இந்த எண்களை ஸ்ப்ளிட்டர் எப்படிக் கெடுக்கிறது என்று பாருங்கள். இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் 3.5 டிபி தின்னும், நான்கு வழி 7 டிபி தின்னும். டவுன்லோடு பூஜ்யம், அப்லோடு 46 என்று நன்றாக இருந்த இணைப்பில் நான்கு வழி ஸ்ப்ளிட்டர் ஒன்று நுழைந்தால் டவுன்லோடு மைனஸ் 7 ஆகும். அதை ஈடுகட்ட மோடம் அப்லோடை 53-க்கு ஏற்றப் பார்க்கும், முடியாது. புது மோடம் வாங்கினாலும் இது தீராது.

நிகழ்வுப் பதிவில் டி3, டி4 என்ற வரிகளைத் தேடுங்கள். மோடம் அனுப்பியதற்கு எதிர்முனை பதில் தரவில்லை என்பது டி3. எப்போதாவது ஒன்றிரண்டு வந்தால் பொருட்படுத்த வேண்டாம். மணிக்கு மணி வந்தால் அப்லோடு பாதையில் இரைச்சல் நுழைகிறது. பெரும்பாலும் தளர்ந்த திருகு, அல்லது கட்டடத்தின் இன்னொரு மூலையில் திறந்து கிடக்கும் கம்பி முனை. டி4 வந்தால் தொடர்பே அறுந்து மோடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மழை நாளிலும் வெயில் உச்சியிலும் மட்டும் வரும் கோளாறு வெளிக்கம்பியின் துரு. நிலைப் பக்கத்தையும் பதிவையும் நேரத்தோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். படம் இல்லையென்றால் சொந்த மோடத்தின்மேல் பழி விழுவது எளிது. வெளிக்கம்பிக் கோளாறுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. வீட்டுக்குள் நீங்கள் போட்ட கம்பிக்கு உண்டு.

எல்லா எண்களும் சரியாக இருந்தும் இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் வேகம் விழுந்தால், தெருவே பகிரும் நோடு, அதாவது கம்பெனியின் இணைப்பு முனை, நிறைந்துவிட்டது. மோடத்தால் ஆகக்கூடியது அங்கே ஒன்றுமில்லை.

அப்லோடுதான் கேபிளின் தீராத குறை. 20 எம்பிபிஎஸ் அப்லோடில் 50 ஜிபி தரவுத் தொகுப்பை ஏற்ற ஐந்தரை மணி நேரம் ஆகும். பழைய அமைப்பில் அப்லோடுக்கு ஒதுக்கியது 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சின்ன அலைவரிசைத் துண்டு. பல ஊர்களில் அதை 85 வரை விரித்து 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் தருகிறார்கள், ஆனால் அதற்கு ஒப்புதல் பெற்ற மோடம் வேண்டும். அந்த ஊர்களில் இருப்பவர்கள் எஸ்பி8200-ஐ விட்டு, 2.5 ஜிகாபிட் துளையும் உள்ள எஸ்34-ஐப் பாருங்கள். எதை வாங்கினாலும் கம்பெனியின் ஒப்புதல் பட்டியலில் அந்த மாடலுக்கு நேரே இருக்கும் அப்லோடு எண்ணைப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.

பழைய மோடம் வாங்குபவர்கள் அது கம்பெனியின் வாடகைப் பெட்டி அல்ல என்பதை உறுதி செய்யுங்கள். திருப்பித் தராத வாடகைப் பெட்டியைப் பதிவு செய்ய விடமாட்டார்கள். படிப்பு முடிந்து ஊர் விடும்போது உங்கள் மோடத்தை ஜூனியருக்குக் கொடுப்பதாக இருந்தால், இணைப்பை ரத்து செய்த கையோடு கணக்கிலிருந்து மோடத்தையும் நீக்கச் சொல்லுங்கள். அந்த மேக் முகவரி உங்கள் பெயரில் நிற்கும்வரை அவரால் அதை இயக்க முடியாது.