ஓணான் கூண்டைக் கழுவ எது நல்லது? குன்னூர்ப் பனியில் ஓர் ஒப்பீடு

எங்கள் வீட்டில் வளர்வது பியர்டட் டிராகன் என்ற ஆஸ்திரேலியப் பல்லி. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது இன்றும் ஓணான்தான். அவர் சொல்வதிலும் தப்பில்லை, நம் வேலி ஓணானும் அதுவும் ஒரே குடும்பம். "ஒரு மூடி பினாயில் ஊத்திக் கழுவி விடு கண்ணு, ஒரு கிருமி தங்காது" என்றார். முதல் மாதம் அப்படியே செய்தேன். மறுநாள் காலை வரை வாடை போகவில்லை. ஆள் வழக்கமான கல்லில் ஏறாமல் மூலையில் கண்ணை மூடிக் கிடந்தது. அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தேன்.

கோவையில் இருப்பவர் கழுவிய கூண்டை மொட்டை மாடியில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். குன்னூரில் அந்தக் கதை நடக்காது. ஜூனில் பிடிக்கும் ஈரம் அக்டோபர், நவம்பர் மழையில்தான் உச்சத்துக்குப் போகும். காற்றோட்டத்துக்கு ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஒரு மருந்து எத்தனை கிருமியைக் கொல்லும் என்பதை நான் இரண்டாவதாகத்தான் கேட்கிறேன். கழுவிய பிறகு எதை விட்டுவைக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. இந்தப் பிராணி நாக்கால் தொட்டுத் தொட்டும் இடத்தை அறிகிறது. தரையில் மிஞ்சியது நேரே வாய்க்குள் போகும்.

அந்தக் கேள்வியில் பினாயில் முதலிலேயே தோற்றுவிடுகிறது. பீனால் வகைகள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு. தண்ணீரில் விட்டதும் பால்போல் வெளுக்கும் குளோராக்சிலினால் கிருமிநாசினிகளும் அதே குடும்பம்தான். நீலகிரித் தைலமும் வேண்டாம். கடைத்தெரு முழுக்க அந்த பாட்டில்தான், சளிக்கு நானும் அதைத்தான் தேய்த்துக்கொள்கிறேன். ஆனால் 40 டிகிரி விளக்குச் சூட்டில், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் அதன் ஆவியைச் சுவாசிக்க விடுவது கொடுமை. கிருமிநாசினியாகவும் அதை நம்ப முடியாது. வினிகர் சுண்ணாம்புக் கறையை எடுக்கும், அதோடு சரி.

மிச்சம் உண்மையான போட்டி பிளீச்சுக்கும், தோலையும் காயத்தையும் சுத்தம் செய்யப் பயன்படும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக்கும்தான்.

பிளீச், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், மலிவு. மளிகைக் கடையிலேயே கிடைக்கும். 5 சதவீதப் பிளீச் என்றால் லிட்டருக்கு 30 மில்லி, பத்து நிமிடம் ஊறல், பிறகு நன்றாக அலசல். பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை எல்லாவற்றையும் பிடிக்கும். அலசியபின் மிஞ்சும் குளோரினும் காற்றோடு போய்விடும். சந்தேகமாக இருந்தால் மீன் தொட்டிக்காரர்கள் விடும் குளோரின் நீக்கி இரண்டு சொட்டு கலந்த நீரில் கடைசி அலசலை முடிக்கலாம். குறை என்ன? எச்சம் ஒட்டியிருந்தால் பிளீச் அதிலேயே வீணாகிவிடும், ஆகவே முதலில் சோப்பு போட்டுத் தேய்த்தே ஆக வேண்டும். கலக்கியதை அன்றே தீர்க்க வேண்டும். வெந்நீரில் கலக்கக் கூடாது. கம்பி வலை துருப்பிடிக்கும். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு தவறிக்கூடச் சேரக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். மழைநாளில் ஜன்னலைச் சாத்திய அறைக்குள் பிளீச் வேலை வேண்டவே வேண்டாம். தாழ்வாரம்தான் அதற்கு இடம்.

குளோர்ஹெக்சிடின் இதற்கு நேர் எதிர். வாடை கிடையாது, உலோகத்தை அவ்வளவாக அரிக்காது, 0.05 சதவீதமாக நீர்த்தால் வெளிர் நீலத் தண்ணீராக இருக்கும். மூடிய அறையிலும் பயமின்றித் துடைக்கலாம். குளிர்ந்த நீரில் எந்த மருந்தும் மந்தமாகத்தான் வேலை செய்யும் என்பதால் ஜனவரியில் வெதுவெதுப்பான நீரில் கலக்குகிறேன். ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சோப்பு நுரை மிஞ்சியிருந்தால் இது செயலிழந்துவிடும். சோப்பு, அலசல், பிறகுதான் மருந்து. இந்த வரிசை தெரியாமல் மூன்று மாதம் நீலத் தண்ணீரை வீணாக்கினேன். சூடோமோனாஸ் போன்ற சில பாக்டீரியாக்களிடம் இது பலவீனம், பூஞ்சை வித்துகளை அசைக்காது. எனவே தினசரித் துடைப்புக்கு மட்டும்.

தரை துடைக்கும் திரவங்கள் பலவற்றில் இருக்கும் பென்சல்கோனியம் வகை மருந்துகளுக்கும் அதே சோப்பு விரோதம் உண்டு. கூடவே பருத்தித் துணி மருந்தை உறிஞ்சிவிடும், பஞ்சு வேட்டித் துண்டால் துடைத்தால் பாதி துணியிலேயே நின்றுவிடும். கோழிப்பண்ணைக்காரர்களுக்குப் பழக்கமான இளஞ்சிவப்புப் பொடி விர்கான் வேறு ரகம். லிட்டருக்கு 10 கிராம், பத்து நிமிடம். நிறம் வெளுத்தால் வீரியம் போயிற்று என்று பொருள். அடைமழை மாதத்தில் பிளீச்சுக்குப் பதில் இதைத்தான் எடுப்பேன். பொடியைக் கலக்கும்போது மூக்கை மூடிக்கொள்ள வேண்டும்.

ஊர்வனவற்றின் குடலைக் கெடுக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி மட்டும் இந்தப் பட்டியலுக்கு அடங்காது. பிளீச்சே அதனிடம் தோற்கும். அதற்குச் சூடுதான். தண்ணீர்க் கிண்ணம், கல் எல்லாவற்றையும் கொதிக்க வைக்கிறேன். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும்; குன்னூரைவிட உயரமான, 2,240 மீட்டர் ஊட்டியில் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதுவே போதும், கொஞ்சம் கூடுதல் நேரம் விட்டால் சரி.

எந்த மருந்தானாலும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஆரோக்கியமான ஆமையும் ஓணானும்கூட, மனிதர்களுக்கு வயிற்றுப்போக்கைத் தரும் சால்மொனெல்லா பாக்டீரியாவைச் சுமக்கும். இதற்காகவே அமெரிக்காவில் 1975இல் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமை விற்பனையைத் தடைசெய்தார்கள். (வீட்டில் இருப்பது நட்சத்திர ஆமை என்றால் கிருமிநாசினியை விட வனத்துறைதான் உங்கள் முதல் கவலை.)

இப்போது என் ஏற்பாடு இதுதான். தினமும் குளோர்ஹெக்சிடின். மாதம் ஒருமுறை, வெயில் எட்டிப் பார்க்கும் நாளில், பிராணியை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டுத் தாழ்வாரத்தில் பிளீச். ஏறி விளையாடும் மரக்கிளைக்கு இரண்டுமே கிடையாது, மரம் மருந்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அது அழுக்கானால் அடுப்புக்குப் போகும், புதுக் கிளை வரும்.