கோத்தகிரியில் கிரேட் பைரனீஸ் குட்டிகள்: ஒரு நாய் வளர்ப்பகத்தின் மதிப்புரை

கோத்தகிரி வட்டாரத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இயங்கும் ஒரு நாய் வளர்ப்பகத்தில் கிரேட் பைரனீஸ் என்ற பெரிய வெள்ளைக் காவல் நாய் இனத்தின் குட்டிகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். குறைகளும் எழுத வேண்டியிருக்கிறது.

நல்லதிலிருந்து தொடங்கலாம். குட்டிகளோடு தாயையும் தந்தையையும் வெளியே அழைத்து வந்து காட்டுகிறார்கள். ஆண் நாய்க்கு 70 முதல் 80 செ.மீ. வரை தோள் உயரம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச வரையறை. இங்குள்ள தந்தை நாய் அதற்குள் தாராளமாக அடங்கும். பாதாம் வடிவில் சற்றே சாய்ந்த பழுப்புக் கண்கள், கருத்த மூக்கு, கழுத்தைச் சுற்றிப் பிடரிபோல் அடர்ந்த முடி, நீண்ட மேல்முடிக்கு அடியில் பஞ்சுபோன்ற உள்முடி என எல்லாம் சரியாகவே இருக்கின்றன. பின்னங்கால்களின் உட்புறத்தில் தரையைத் தொடாமல் இரட்டையாக முளைத்திருக்கும் விரல்கள் இந்த இனத்தின் முக்கிய அடையாளம். அவற்றை வெட்டாமல் விட்டிருப்பது பாராட்டுக்குரியது. ஆனால், தலையில் சாம்பல் அல்லது வெளிர்மஞ்சள் திட்டு உள்ள குட்டியைவிட முழு வெள்ளைக் குட்டிக்கு அதிக விலை சொல்வதில் நியாயமில்லை, ஏனெனில் வரையறை இரண்டையுமே ஏற்கிறது.

வரலாற்றைப் பொறுத்தவரை இவர்கள் சொல்வது அரைக்கதைதான். பதினான்காம் லூயியின் காலத்தில் பிரெஞ்சு அரசவைக்குள் நுழைந்த நாய் என்பதை வருபவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறார்கள். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலுள்ள பைரனீஸ் மலைகளில், கழுத்தில் இரும்பு முள்பட்டையோடு ஓநாயிடமும் கரடியிடமும் இருந்து ஆட்டு மந்தையைக் காத்து நின்ற நாய் இது. மந்தையை ஓட்டுவது சிறிய மேய்ப்பு நாயின் வேலை. இரவில் காவல் நிற்பதும், மேய்ப்பனின் கட்டளைக்குக் காத்திராமல் தானே முடிவெடுப்பதும் இதன் வேலை. கொடிய விலங்குகள் அருகியதும் வேலை குறைந்து இனமும் தேய்ந்தது; 1920களில் பெர்னார் செனாக்-லக்ராஞ்ச் போன்ற ஆர்வலர்கள் அதை மீட்டெடுத்தார்கள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் 1933இல் இந்த இனத்தை அங்கீகரித்தது.

இந்தப் பாதியை மறைப்பதால்தான் வாங்குபவருக்குச் சிக்கல் வருகிறது. இரவு முழுவதும் விட்டுவிட்டுக் குரைப்பது இதன் பிறவிக்குணம். நெருக்கமான லைன் வீடுகளில் அக்கம்பக்கத்தார் தாங்கமாட்டார்கள். சொன்ன பேச்சை உடனே கேட்கும் லாப்ரடாரை எதிர்பார்ப்பவர்களும் ஏமாறுவார்கள். சுமார் 1,800 மீட்டர் உயரக் குளிர் இதற்குப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்த இரட்டை முடி நனைந்தால் காய வெகுநேரமாகும், ஈரம் தங்கினால் தோல் புண்ணாகும் என்பதை நான் கேட்ட பிறகே சொன்னார்கள்.

"சிறுத்தை வந்தாலும் பார்த்துக்கொள்ளும்" என்ற விற்பனைப் பேச்சை மட்டும் ஏற்கவே முடியாது. பைரனீஸில் இவை பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட நாய்களாக, மேய்ப்பனின் துணையோடு காவல் நின்றன. இந்த மலையில் சிறுத்தைக்கு நாய் வழக்கமான இரை. ஒற்றை நாயை இரவில் வாசலில் கட்டிப்போடுவது அதைப் பலியிடுவதற்குச் சமம். கம்பி வலையிட்ட கூண்டு அவசியம்.

தடுப்பூசி அட்டையும் வம்சாவளிச் சான்றிதழும் தருகிறார்கள். நாய் வளர்ப்பு, விற்பனை குறித்த 2017ஆம் ஆண்டு இந்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. அதை இவர்கள் கடைப்பிடிக்கிறார்கள். ஆடு, மாடு வைத்திருப்பவர்களும் விசாலமான வேலியிட்ட தோட்டம் உள்ளவர்களும் தயங்காமல் சென்று பார்க்கலாம். ஊட்டியிலோ குன்னூரிலோ அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டேன்.