நாலு வருஷம் ஆச்சு, அந்த ரப்பர் மட்டும் திருந்தவில்லை

போன வாரம் மச்சினன் போன் பண்ணி, "மாமா, நீங்க வெச்சிருக்கிற அந்த கார் ஸ்பார்க் பிளக் கழட்டுற செட் இப்போ 850 ரூபாய்க்கு வந்திருக்கு, வாங்கிடட்டுமா?" என்று கேட்டான். நான் அதை 1,400 கொடுத்து வாங்கினேன், அந்த வயிற்றெரிச்சல் தனி. வாங்கு என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அந்த ரப்பர் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

செட்டில் இருப்பது இவ்வளவுதான்: திருகுகிற கைப்பிடியான ராட்செட், அதை நீட்டுகிற எக்ஸ்டென்ஷன் கம்பி, பிளக்கின் மேல் மாட்டுகிற சாக்கெட் 16, 21 மில்லிமீட்டர் என்று இரண்டு. பழைய மாருதி 800 மாதிரி வண்டிகளுக்கு 21, என் வண்டிக்கு 16. இந்த ராட்செட்டைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். நாலு வருஷத்தில் பல் ஒன்று வழுக்கியதில்லை, கைப்பிடி கையோடு ஒட்டினாற்போல் நிற்கும், பிளக் வேலை இல்லாத நாளில் வீட்டு மோட்டார் போல்ட்டுக்கும் அதைத்தான் எடுக்கிறேன்.

பிரச்சினை சாக்கெட்டுக்குள் இருக்கும் அந்தக் கருப்பு ரப்பர் வளையம்தான். பிளக்கைக் கவ்விப் பிடிக்க வேண்டும், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். கழட்டும்போது அருமையாகக் கவ்வும், அரை அடி ஆழத்திலிருந்து பிளக்கைக் கீழே போடாமல் மேலே கொண்டுவந்துவிடும், இதை ஒத்துக்கொள்ளாவிட்டால் பாவம். மாட்டும்போதுதான் வினை. புது பிளக்கை முடுக்கிவிட்டு இழுத்தால் ரப்பர் விடாது, எக்ஸ்டென்ஷன் மட்டும் கையோடு வரும், சாக்கெட் இன்ஜினில் பிளக் இருக்கும் குழிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு நம்மைப் பார்க்கும். மறுபடி எக்ஸ்டென்ஷனை விட்டு, ஆட்டி, அசைத்து, சாமியை எல்லாம் கூப்பிட்டு எடுக்க வேண்டும். நாலு சிலிண்டர், நாலு தடவை. இப்போதெல்லாம் எக்ஸ்டென்ஷனும் சாக்கெட்டும் சேருகிற இடத்தில் இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்று சுற்றிவிடுகிறேன். 1,400 ரூபாய் செட்டுக்கு 10 ரூபாய் டேப் காவல்.

அதைவிடக் கொடுமை போன வருஷம் நடந்தது. ஏற்காடு போவதற்கு முதல் நாள் சாயங்காலம். வண்டி அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வரை பூப்போல போகும், அடிவாரம் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் விக்கல் எடுத்தாற்போல் திணற ஆரம்பிக்கும். 20 வளைவு ஏறியாக வேண்டும். தேய்ந்த பிளக்கில் இடைவெளி அகன்றுவிடும், மேட்டில் மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அந்த இரண்டையும் தாண்டிப் பொறி குதிக்க அதிக வோல்டேஜ் வேண்டும், அதனால்தான் சமதரையில் தெரியாத நோய் மலையில் தெரிகிறது. சரி, பிளக்கை மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்றாவது சிலிண்டரில் பிளக் போட்டாச்சு, சாக்கெட்டும் வெளியே வந்தாச்சு, பிளக்குக்கு வோல்டேஜ் கொடுக்கிற காயிலை மேலே வைத்து அமுக்கினால் ஒரு சென்டிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கிறது. போல்ட் ஓட்டை சேரவே இல்லை. காயில் மாறிவிட்டதா, பிளக் நீளம் தப்பா என்று முக்கால் மணி நேரம் மண்டையைக் குழப்பிக்கொண்டேன், பக்கத்து வீட்டு அண்ணன் வேறு வந்து நின்று "பட்டறைக்கே விட்டிருக்கலாமே தம்பி" என்று ஓதினார். கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால், சாக்கெட்டை விட்டுக் கழன்ற அந்த ரப்பர், பிளக் தலையில் மோதிரம் போட்டாற்போல் உட்கார்ந்திருக்கிறது! காயிலை எடுத்துவிட்டு நீள மூக்கு பிளேயரால் பிய்த்துத்தான் எடுத்தேன். அதைத் திரும்பப் பசை போட்டு ஒட்டினேன், ஏன் ஒட்டினேன் என்று இன்னும் புரியவில்லை.

இந்தச் சாக்கெட்டில் காந்தம் வைத்த ரகமும் கிடைக்கிறது. பிளக்கின் இரும்பு உடம்பைப் பிடிக்கும், நேராக இழுத்தால் விட்டுவிடும். வாங்கும்போது 200 ரூபாய் கூட என்று அதை விட்டது என் புத்தி.

ஆனால் இந்த ரப்பர் தொல்லையால் ஒரு நல்ல பழக்கம் வந்தது. இப்போது புது பிளக்கைச் சாக்கெட்டில் வைத்து இறக்குவதே இல்லை. டூவீலர் ஸ்பேர் கடையில் ஒரு அடி பெட்ரோல் டியூப் வாங்கினேன், 20 ரூபாய். பிளக்கின் தலையில் மாட்டி, குழிக்குள் இறக்கி, விரலால் டியூபைத் திருகினால் போதும். மரை சரியாக உட்கார்ந்தால் சுற்றிக்கொண்டே போகும், கோணலாக ஏறினால் டியூப் வழுக்கிவிடும், பிளக் திரும்பாது. இன்ஜினின் அலுமினியத் தலையில் மரை போனால் என்ன செலவாகும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கையால் இறுகின பிறகுதான் ராட்செட். புது வாஷரோடு வருகிற பிளக் என்றால் அங்கிருந்து அரைச் சுற்று, கழட்டிய அதே பிளக்கைத் திரும்பப் போட்டால் ஒரு துளிதான், கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகர்கிற அளவு. மரையில் கிரீஸ் தடவச் சொல்வார்கள், வேண்டாம், வழுவழுப்பில் கை அளவு தெரியாமல் கூட இறுக்கிவிடுவோம்.

அப்புறம், இன்ஜின் நன்றாக ஆறின பிறகுதான் கை வைக்க வேண்டும். காயிலை எடுத்ததும் சைக்கிள் பம்ப்பால் குழியை ஊதிவிடுங்கள், நம்ம ஊர்ப் புழுதி அத்தனையும் அங்கேதான் குடியிருக்கிறது, பிளக்கைக் கழட்டினால் நேராக சிலிண்டருக்குள் விழும்.

மச்சினனிடம் வேண்டாம் என்றே சொன்னேன். "அப்போ உங்களோடதையே கொஞ்ச நாளைக்குக் குடுங்க மாமா" என்றான். அதற்கும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.